லயத்து வாசல் வழியே போகும் பாதை

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையினருக்கு,

வணக்கம். ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது, தேயிலைத் தோட்டங்களின் வழியே நடந்து போகும் பீக்கோ பாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். தேயிலைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்கப் போட்ட பழைய வழிகள் என்பதால் பல இடங்களில் ஏற்றம் மூச்சு முட்ட வைக்காது. சின்னப் பிள்ளைகளோடும் நடக்கலாம். மழை நாளில் அட்டை ஏறும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டால் சமாளிக்கலாம்.

கலஹாவிலிருந்து போகும் இரண்டாம் கட்டம் லூல்கந்துரவில் முடிகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம் அது. அவர் பெயரைச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் கதையையும் அதே இடத்தில் சொல்லுங்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபோது காட்டை வெட்டியதும் கன்று நட்டதும் அந்தச் சனம்தான். 1948இல் குடியுரிமை பறிபோனது அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்காதீர்கள். நடந்து களைத்த பிள்ளைக்கு, நடந்தே வந்தவர்களின் கதை நன்றாகவே விளங்கும்.

இன்னொன்று. பாதை பல இடங்களில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலை ஒட்டிப் போகிறது. அங்கே பாய் காய்கிறது, பிள்ளைக்குத் தலைவாரல் நடக்கிறது. வருகிறவர்களில் சிலர் கேட்காமலே கமராவைத் தூக்குகிறார்கள். கொழுந்து பறிக்கும் மலையிலும் இதேதான். முகம் பார்த்து வணக்கம் சொல்லி, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள் என்று வழிகாட்டிப் பலகையிலேயே எழுதி வைத்தால் என்ன? பிள்ளைகளுக்கு டொபி எறிகிற பழக்கத்தையும் அதே பலகையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

குடும்பமாக வருகிறவர்களுக்கு ஒரு முழுக் கட்டம் அதிகம். நாலைந்து கிலோமீட்டர் நடந்து பஸ்ஸையோ ஆட்டோவையோ பிடிக்கக்கூடிய துண்டுகளைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள். அந்தத் துண்டு முடிகிற இடத்தில் கழிவறையும், ஒரு கோப்பை தேநீரும் ரொட்டியும் சம்பலும் கிடைக்க வேண்டும். அந்தக் கடையைத் தோட்டத்துப் பெண்களிடமே கொடுங்கள். வழிகாட்டி வேலைக்கும் முதலில் எங்கள் பொடியன்களையும் பெட்டைகளையும் கேளுங்கள். குறுக்கு வழியெல்லாம் அவர்கள் பள்ளிக்கூடம் போன வழிதான்.

இதைப் பேச நீங்கள் தோட்டங்களுக்கு வர வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம் வையுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையில். வேலை நாளில் வைத்தால் கொழுந்து நிறை குறைந்து, வந்து பேசியவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் வளர்ந்தவள்