சத்தம் வந்தால் பயமில்லை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சொன்னால் கேட்காமல் தோப்புக்குச் சைக்கிளில்தான் போகிறார். மாப்பிள்ளை, நீ, பயல் மூன்று பேரும் நலமா?

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இங்கிலாந்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது பயலை உயர நாற்காலியில் உட்கார வைத்திருந்தாய். தட்டுகூட இல்லை. பலகைமேல் வேகவைத்த கேரட் இரண்டு, பச்சைப் பூக்கோசு மாதிரி ஒன்று. நன்றாகத்தான் சப்பிக்கொண்டிருந்தான். திடீரென்று முகம் செக்கச்செவேல் என்று ஆகி, நாக்கு வெளியே வந்து, கண்ணில் தண்ணீர் முட்ட ஓங்கரித்தான். நான் இங்கே எழுந்து நின்று, "வாயில விரலை விட்டு எடுடி" என்று கத்துகிறேன். நீ அசையவே இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தலைக்கேறியது. பெற்றவள் இப்படியா உட்கார்ந்திருப்பாள்! அதற்குள் அவன் துப்பிவிட்டான். துப்பியதையே திரும்ப எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். நான் நிறுத்தினேனா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். உன் மாமியாரையும் இழுத்தேன் என்று அப்பா சொல்கிறார். அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

29 வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான். ஆறு மாதம் முடிந்ததும் பருப்பும் சோறும் நெய்யும் சேர்த்து மசித்து ஊட்டுங்கள் என்று எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன். என் மகளே அதை விட்டுவிட்டு, பிள்ளை தானே எடுத்துத் தின்னட்டும் என்கிறாள். அது கொஞ்சம் சுருக்கென்று குத்தியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கத்தியது அதனால் இல்லை. இதுவரைக்கும் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். காலையில் மூத்த பெண்ணைப் பால்வாடியில் விட வந்த ஒரு தாயின் இடுப்பில் ஒன்றே முக்கால் வயதுப் பயல் ஒருவன். அக்கா கையில் வறுத்த கடலை. அதில் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, ஜெயித்துவிட்டவன் மாதிரி சிரித்தான். அந்தச் சிரிப்போடு கடலை உள்ளே போய்விட்டது. வாய் திறந்தபடி இருக்கிறது. அடுத்து அழுகை வரவேண்டும், வரவில்லை. இருமலும் இல்லை. உதட்டைச் சுற்றி நீலம் ஏறுகிறது. சுற்றிலும் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள், இவனிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. சமைக்கிற ஆயாதான் பாய்ந்து வந்து அவனைப் பிடுங்கிக் கவிழ்த்து முதுகில் நாலு போட்டாள். கீச்சென்று ஒரு மூச்சு வந்தது. கடலை வெளியே வரவில்லை, இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். சோழவந்தானிலிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு காரில் ஓடினோம். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தார்கள். பாதிக் கடலை. இப்போது அந்தப் பயலுக்கு மீசை முளைத்துவிட்டது. என்னைக் கண்டால் "டீச்சர்" என்று வண்டியை நிறுத்துவான். எனக்கு மட்டும் அந்தத் திறந்த வாய் போகவே இல்லை.

அதற்குப் பிறகு பால்வாடிக்கு வந்த ஒவ்வொரு தாயிடமும் சொல்லியிருக்கிறேன்: ஓங்கரித்தால் சத்தம் வரும், இருமினால் சத்தம் வரும், அதற்குப் பயப்படாதே. அடைத்துக்கொண்டால்தான் சத்தம் வராது, அப்போது ஒரு நொடிகூட நிற்காதே. ஊருக்கெல்லாம் சொன்னவள், உன் பயல் போட்ட சத்தம் லீட்ஸிலிருந்து இங்கே வரைக்கும் கேட்டும், காதை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறேன். அதிலும் விரலை விட்டு எடு என்றேனே, அது சுத்தத் தப்பு. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். நீ கையைக் கட்டி உட்கார்ந்திருந்ததுதான் சரி. ஆறு மாதப் பிள்ளைக்கு ஓங்கரிப்பு நமக்கு வருவதைவிட நாக்கின் முன்பக்கத்திலேயே வந்துவிடும். தொண்டைக்குப் போகுமுன்பே வெளியே தள்ளிவிடுகிறது. வளர வளர அது பின்னால் போகும்.

ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நிஜமாகவே அடைத்துக்கொண்டால் செய்வதை மாப்பிள்ளையும் கையால் செய்து பழகட்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சுக்கு நடுவில் ஐந்து அழுத்து. வரும்வரை மாறி மாறி. ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பொம்மையை வைத்து ஒரு நாள் செய்து பாருங்கள். சிரித்துக்கொண்டே செய்தாலும் பரவாயில்லை.

சண்டை போட்ட மறுநாள் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலு மாதத்திலிருந்தே இணை உணவு கொடுக்கலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். 2001-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று சொன்னது, அப்புறம் எங்கள் பாடமும் மாறியது. மாதத்தை மாற்றினோம், மசிப்பதை மாற்றவில்லை. நாலு மாதப் பிள்ளை தானாக உட்காராது, வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளும். மசித்துத்தானே ஆகவேண்டும்? ஆறு மாதத்தில் நிமிர்ந்து உட்காருகிறது, கண்டதை எட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறது. அதற்கும் அதே கூழ்தானா என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை பாரேன்.

பால்வாடிக்கு இரண்டரை வயதில் வரும் பிள்ளைகளில் சில, வாயில் வைத்த சோற்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். மெல்லாது, விழுங்காது. தாயைக் கேட்டால், "வீட்ல போனைக் காட்டித்தான் டீச்சர் ஊட்டுறேன்" என்பாள். அதே ஊரில் களை எடுக்கப் போகிறவள் வரப்பு நிழலில் பிள்ளையை உட்காரவைத்து, கையில் ஒரு துண்டு கேப்பை ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போவாள். அது கரைய மண்ணும் எச்சிலுமாகச் சப்பிக்கொண்டிருக்கும். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. பிள்ளை அளைந்த கூழ்தான் ருசி என்று பட்டிமன்றத்தில் பேசினால் கை தட்டுகிறோம், வீட்டில் அதே பிள்ளை தட்டில் கையை விட்டால் பட்டென்று ஒன்று போடுகிறோம். உனக்குத் திருப்பரங்குன்றத்தில் சோறு ஊட்டியபோது நீ இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை அள்ள எட்டினாய். உன் அப்பத்தா இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊட்டுடி" என்றார். நானும் ஊட்டினேன்.

சரி, பேசிக்கொண்டே இருந்தால் ஆகுமா என்று புதன்கிழமை எதிர்வீட்டுப் பேத்தியைத் தூக்கி வந்தேன். ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான். திண்ணையில் பழைய உரச்சாக்கைக் கழுவி விரித்து, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஆவியில் வெந்த பரங்கிக்காயை நம் விரல் நீளத்துக்கு வெட்டி ஒன்று, இட்லியை நீளவாக்கில் நறுக்கி ஒன்று முன்னால் வைத்தேன். பரங்கியைப் பிடித்தாள். முழு உள்ளங்கையால் பிடிக்கிறாள், விரல் நுனியால் எடுக்க இன்னும் வரவில்லை. மேலே நீட்டிக்கொண்டிருந்ததைத் தின்று முடித்தாள். பிடிக்குள் மீதி இருக்கிறது, அதை எடுக்கத் தெரியவில்லை. கையை விரித்தால் கிடைக்கும் என்பது அவளுக்கு எட்டவில்லை. முஷ்டியையே வாயில் திணித்துப் பார்த்தாள், சலித்துப்போய் இட்லிக்கு நகர்ந்தாள். விரல் நீளத்துக்கு ஏன் வெட்டுகிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சின்னச் சின்னதாகப் பொடித்துக் கொடுத்திருந்தால் ஒன்றும் கைக்கு வந்திருக்காது. வாழைப்பழம் வழுக்கியது. பாதித் தோலை விட்டுவைத்துப் பிடி மாதிரி கொடுத்ததும் சமாளித்துக்கொண்டாள். இரண்டு முறை ஓங்கரித்தாள். நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனது இரண்டு ஸ்பூன் இருந்தால் அதிகம். மீதியெல்லாம் சாக்கிலும் என் புடவையிலும். ஆனால் அரை மணி நேரம் அந்த முகத்தில் இருந்த கவனத்தை நான் எந்தப் பிள்ளைக்கு ஊட்டும்போதும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையை என் பழைய சூப்பர்வைசரிடம் காட்டித் தமிழில் கேட்டுக்கொண்டேன். நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 206 பிள்ளைகளை வைத்துப் பார்த்தது. தானே தின்ற பிள்ளைகள் ஆறாவது மாதத்தில் கூடுதலாக ஓங்கரித்திருக்கின்றன, எட்டாவது மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாக. அடைத்துக்கொள்வதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. ஆனால் சின்னக்குட்டி, அதில் நீ கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தத் தாய்மாருக்கு எந்த உணவு அடைக்கும் என்று முதலிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் இரும்புச்சத்துள்ளது ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ மூன்று ஞாயிற்றுக்கிழமையாகக் கேரட்டும் பூக்கோசும்தான் வைக்கிறாய். பார்க்க அழகாக இருக்கிறது, ரத்தம் ஊறாது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தோடு தீர ஆரம்பித்துவிடும், தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான். வெளுத்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் சொல்கிறேன், கேள். நன்றாக வெந்த முட்டை, ஆம்லெட் போட்டு நீளமாகக் கீறியது, பூப்போலக் கொத்தி வேகவைத்த கறி, கெட்டிப் பருப்பில் பிசைந்த சோற்று உருண்டை. ஈரல் வாரம் ஒரு முறை கொஞ்சம். கூடவே தக்காளியோ ஆரஞ்சுச் சுளையோ வை, சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சுளையைத் தோலும் கொட்டையும் எடுத்துவிட்டுக் கொடு.

எதைக் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார். நசுங்கினால் கொடு. வேகாத ஆப்பிள் துண்டு, வேகாத கேரட் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறு. கடலையை முழுசாக ஐந்து வயது வரைக்கும் அந்த வீட்டில் கண்ணில் காட்டாதே, இது என் கட்டளை. அரைத்து மெல்லிசாகத் தடவிக் கொடுக்கலாம். தேன் ஒரு வயது முடியட்டும். உனக்குச் சேனை வைத்ததே தேனில்தான், அது அந்தக் காலத்து அறியாமை. இட்லிக்கு மாவு அரைத்ததும் உப்புப் போடுமுன் ஒரு கிண்ணம் அவனுக்குத் தனியாக எடுத்துவிடு, அது பாட்டுக்குப் புளிக்கும்.

ஊட்டுவதே தப்பு என்று உங்கள் ஊர் நர்ஸம்மா சொன்னதாக நீ சொன்னாயே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை, நீயாகக் கூட்டிச் சொல்கிறாய். காய்ச்சல் கண்ட அன்று அவன் எதையும் பிடித்துத் தின்னமாட்டான், ரசஞ்சோற்றைக் குழைத்துத்தான் கொடுக்கவேண்டும். நல்ல நாளிலும் அவன் கையில் ஒரு துண்டு, உன் கையில் ஒரு வாய். அவன் வாயைத் திறந்தால் கொடு, முகத்தைத் திருப்பினால் தட்டை எடுத்துவிடு. தாய்ப்பாலைக் குறைக்காதே, ஒரு வயது வரைக்கும் அதுதான் பெரிய சாப்பாடு. மாசம் ஒரு முறை எடை பார். எடை ஏறினால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

மார்ச்சில் நான் வரும்போது அவனுக்கு எத்தனை மாதம் ஆகும்? விரல் விட்டு எண்ணினேன், ஒன்பது முடிந்திருக்கும். அப்போது இரண்டு விரலால் கிள்ளி எடுக்கப் பழகியிருப்பான். அம்மாச்சி ஊட்டினால் வாங்கிக்கொள்வானா, என் கையைத் தள்ளிவிட்டுத் தானே அள்ளுவானா தெரியவில்லை. ஒரு வாயாவது வாங்கிக்கொள்ளச் சொல்.

வாடிப்பட்டி அத்தை மகள் 12-ஆம் தேதி கிளம்புகிறாள். அவளிடம் முளைகட்டிய கேப்பை மாவு இரண்டு கிலோ, பொட்டுக்கடலை மாவு அரைக் கிலோ, நீ கேட்ட இட்லித் துணி நாலு கொடுத்திருக்கிறேன். கேப்பை மாவில் வாழைப்பழத்தை மசித்துப் போட்டு, தோசைக்கல்லில் தடிமனாக ஊற்றி நீளமாகக் கீறிக் கொடு, கையில் நிற்கும். உரச்சாக்கு ஒன்றும் கேட்டேன், பெட்டியில் வைக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிடும் நேரத்துக்கே கூப்பிடு.

அன்புடன்,
அம்மா