பத்து ரூபாய் ஸ்டாம்ப்பும் உன் தரவுச் சட்டமும்

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில் "நம்ம நாட்டுக்கும் ஒரு தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சும்மா, லேட்டா வந்தாலும் நல்ல விஷயம்தானே" என்று சொன்னாய். உனக்கு மீட்டிங் நேரம், எனக்கு வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து நின்றது, பேச்சு அப்படியே நின்றுபோனது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபம் இருக்கிறது. முழுச் சட்டத்தின் மேலும் இல்லை, அதில் ஒரே ஒரு உட்பிரிவின் மேல்தான் பெருங்கோபம்.

முதலில் உன்னோடு ஒத்துப்போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய போன் நம்பர் எங்கெங்கோ கைமாறி, லோன் வேண்டுமா பிளாட் வேண்டுமா என்று நாளெல்லாம் கூப்பிடுகிறார்கள். இதற்குக் கடிவாளம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ வேலை பார்க்கிற அயர்லாந்தில் 2023 மே மாதம் பேஸ்புக்கை நடத்துகிற மெட்டா கம்பெனிக்கு, தரவு விதியை மீறியதற்காக 120 கோடி யூரோ அபராதம் போட்டபோது நீ எவ்வளவு சந்தோஷமாக மெசேஜ் அனுப்பினாய், எனக்கும் அன்றைக்கு அதே சந்தோஷம்தான். 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னபோது, அந்த வழக்கைப் போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமியின் வயதைப் பார்த்து நாம் வியந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூறைத் தாண்டிய ஒரு மனிதர் நமக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த உரிமை அது. அந்த உரிமையின் பெயரைச் சொல்லித்தான் இப்போது இன்னொரு உரிமையை வெட்டியிருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 44ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை எடுத்துவிட்டு வேறொன்றை அங்கே வைக்கிற பிரிவு அது. நீ அந்தச் சட்டத்தைக் கம்பெனிகளின் பக்கத்திலிருந்து படித்திருப்பாய், இந்த உட்பிரிவு கண்ணில் பட்டே இருக்காது. உன் அம்மா ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருந்து தகவல் மனுக்களுக்குப் பதில் தயார் செய்தவள், என் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

பழைய பிரிவு என்ன சொன்னது தெரியுமா? ஒருவருடைய தனிப்பட்ட தகவல் பொதுக் காரியத்தோடு சம்பந்தம் இல்லாததாக இருந்தால், அல்லது அதைக் கொடுப்பது அவருடைய அந்தரங்கத்துக்குள் தேவையில்லாமல் நுழைவதாக இருந்தால், மறுக்கலாம். அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம். அதற்குக் கீழே ஒரு வரி, நான் மனப்பாடமாகவே சொல்வேன்: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது. புதிய பிரிவில் இதெல்லாம் போய்விட்டது. தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான்.

இது ஆபீசில் எப்படி வேலை செய்யும் என்பதை வெளியே இருந்து பார்த்தால் புரியாது, அதனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆபீஸ்களில் ஒன்றில், எந்த ஊர் என்பது வேண்டாம், ஒரு வயதான அம்மா மனு கொண்டுவந்தார். பேரன் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தான், மேலே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், கீழே அந்த அம்மாவின் கைரேகை. அவருக்கு மழை பெய்தால் ஒழுகுகிற கூரை வீடு. இரண்டு தடவை தொகுப்பு வீட்டுக்கு எழுதிக் கொடுத்தும் பட்டியலில் பேர் வரவில்லை. அவர் கேட்டது மூன்றே விஷயம். எங்கள் ஊராட்சியில் வீடு கிடைத்த பயனாளிகளின் பட்டியல், அவர்களைத் தேர்வு செய்ய நேரில் போய்ப் பார்த்த அலுவலர் யார், அவர் எழுதிய ஆய்வுக் குறிப்பின் நகல்.

பொதுத் தகவல் அலுவலர் கோப்பைப் பார்த்ததும் "இதெல்லாம் அடுத்தவங்க சொந்த விவரம்மா, எட்டு ஒண்ணு ஜே போட்டு அனுப்பிடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, பட்டியல் வெளியே போனால் ஊருக்குள் சண்டை வரும், மேலே இருந்து போன் வரும் என்ற பயம். அன்றைக்கு என் பிரிவில் இருந்த மூத்தவர் ஒருவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்து, "சார், சட்டசபையில ஒரு எம்.எல்.ஏ. இதையே கேட்டா, தர மாட்டோம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லி நகல் கொடுத்தோம். பட்டியலில் மாடி வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார், அவருக்கு வீடே இல்லை என்று ஆய்வுக் குறிப்பில் கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது நீளமான கதை, கிராம சபையில் அந்த அம்மாவே எழுந்து நின்று கேட்டார், அடுத்த வருஷப் பட்டியலில் அவர் பேர் வந்தது.

இப்போது அதே மனு வந்தால் என்ன ஆகும், நீயே யோசித்துப் பார். பயனாளியின் பேர் தனிப்பட்ட தகவல். ஆய்வு செய்த அலுவலரின் பேரும் தனிப்பட்ட தகவல். விரலை வைத்துக் காட்ட அந்த வரி சட்டத்திலேயே இல்லை.

அரசு தரப்பில் ஒரு பதில் சொல்கிறார்கள், நீயும் அதைச் சொல்வாய் என்று தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) அப்படியே இருக்கிறதே, தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாமே என்று. சரி, இருக்கிறது. ஆனால் அது அலுவலர் மனது வைத்தால் கொடுக்கலாம் என்கிற பிரிவு. பொதுநலன் என்ன என்று கடைசியில் கேட்கிறவர்தான் விளக்க வேண்டி வரும். எதற்காகக் கேட்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்பதல்லவா அந்தச் சட்டத்தின் உயிர்? 6(2)இல் அப்படித்தானே எழுதியிருக்கிறது? கைரேகை வைத்த அந்த அம்மா பொதுநலனை விளக்கி மனு எழுத எந்த வக்கீலிடம் போவார்? இன்னொன்றும் சொல்கிறேன், தகவலைக் காரணமில்லாமல் மறுத்தால் அலுவலருக்கு அபராதம் ஒரு நாளைக்கு 250 ரூபாய், எவ்வளவு போனாலும் 25,000. தரவுச் சட்டத்தின் அபராதமோ 250 கோடி வரைக்கும் போகிறது. அது தனி அலுவலரின் சம்பளத்தில் பிடிக்கிற பணம் இல்லைதான், ஆனால் அந்தத் தொகையைக் கேள்விப்பட்ட பிறகு எந்தத் துணை பி.டி.ஓ. துணிந்து கையெழுத்துப் போடுவார்? கொடுத்தால்தான் மெமோ வரும், மறுத்தால் வராது என்று நினைப்பு வந்துவிட்டால் அந்த ஆபீசில் எல்லா மனுவுக்கும் ஒரே பதில்தான்.

இந்தத் தகவல் உரிமை யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை. தமிழ்நாட்டில் 1997லேயே ஒரு சட்டம் வந்தது, அதில் விதிவிலக்குகளே நிறைய. உண்மையான வேலை ராஜஸ்தானில் நடந்தது. அருணா ராயும் அவருடைய தோழர்களும் கிராமத்துக் கூலிக்காரர்களைச் சேர்த்து, 1994இலிருந்து மக்கள் விசாரணை நடத்தினார்கள். வேலைக் கணக்கை, வருகைப் பட்டியலை, பில்லை ஊர் நடுவில் வைத்து உரக்கப் படிப்பார்கள். செத்துப்போனவர் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் எல்லாம் அங்கேயே வெளிச்சத்துக்கு வரும். 1996இல் பியாவர் ஊரில் 40 நாள் தெருவில் உட்கார்ந்து தர்ணா செய்தார்கள். அந்தக் கணக்கை எல்லாம் பிடித்தது எதனால்? அதில் பேர் இருந்ததால். பேரை எடுத்துவிட்டு மொத்தத் தொகையை மட்டும் கொடுத்தால் எந்த ஊழலையும் பிடிக்க முடியாது கயல், இது கணக்குப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தரங்கத்தைத் திரையாகப் பிடிப்பது இது முதல் தடவையும் இல்லை. பேர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தின் வழக்கில் என்ன வாதம் வைத்தார்கள்? நன்கொடை கொடுத்தவரின் அந்தரங்கம். ஐந்து நீதிபதிகள் 2024 பிப்ரவரி 15 அன்று அதை ஏற்காமல், எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வாக்காளனுக்கு உரிமை உண்டு என்று திட்டத்தையே ரத்து செய்தார்கள். பத்திரங்களை விற்ற ஸ்டேட் பேங்க், விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் கொடுக்கவில்லை, மார்ச்சிலேயே பட்டியல் வந்தது. நாம் இரண்டு பேரும் அந்தப் பட்டியலை வீடியோ காலில் சேர்ந்து உட்கார்ந்து படித்தோமே. அதில் இருந்ததெல்லாம் பேரும் தொகையும்தானே!

இப்போது தேதிகளைக் கவனி. தரவுச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பர் மத்தியில் அரசிதழில் வந்தன. கம்பெனிகள் நம்மிடம் சம்மதம் கேட்க வேண்டும், தவறினால் அபராதம் என்கிற, நீ பாராட்டுகிற பகுதி எல்லாம் 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். தகவல் உரிமைச் சட்டத்தை வெட்டுகிற பகுதி மட்டும் உடனே அமல். கம்பெனிகளுக்கு ஒன்றரை வருஷம் அவகாசம் கொடுத்தவர்கள், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் கூடக் கொடுக்கவில்லை.

அதே நவம்பர் 28ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது, புதிதாக வருகிற எல்லா போனிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசு ஆப்பை 90 நாளுக்குள் ஏற்றியே விற்க வேண்டும், அதன் வசதிகளை முடக்கக் கூடாது என்று. எதிர்ப்புக் கிளம்பி, டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் இல்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திருட்டு போனைப் பிடிக்கத்தான் என்றார்கள், இருக்கட்டும், விருப்பப்பட்டவர்கள் ஏற்றிக்கொள்ளட்டும். ஆனால் இரண்டே வாரத்தில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். என் கையில் இருக்கிற போனுக்குள் அரசு வரலாம், அரசின் கோப்புக்குள் நான் போகக் கூடாது. தரவுச் சட்டத்திலேயும் அதே கதைதான்: மத்திய அரசு நினைத்தால் தன்னுடைய எந்த அமைப்புக்கும் 17ஆம் பிரிவில் விலக்குக் கொடுக்கலாம், தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசுதான். அபராதப் பணம் அரசின் கணக்குக்குப் போகும், தரவு பறிபோனவருக்கு இழப்பீடு என்று இந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் நமக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்.

நீ போன வருஷம் அனுப்பிய ஐரோப்பியத் தரவுச் சட்டக் குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். அங்கே 85ஆம் பிரிவில் பத்திரிகைக்காரர்களுக்கு, ஆய்வு செய்கிறவர்களுக்கு, எழுத்தாளர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 86இல் அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கிற உரிமையையும் தரவுப் பாதுகாப்பையும் இணக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நம் சட்டத்தில் பத்திரிகைக்கென்று ஒரு விலக்குக் கூட இல்லை. நல்ல சட்டம் எப்படி எழுத வேண்டும் என்று தெரியாமல் நடந்தது இல்லை இது, இந்தத் தரவுச் சட்டத்துக்காக அரசே அமைத்த ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி 2018இல் கொடுத்த வரைவில் கூடத் தீங்கையும் பொதுநலனையும் எடைபோட்டுப் பார்க்கத்தான் சொல்லியிருந்தது. தெரிந்தே எடுத்த வார்த்தைகள், தெரிந்தே விட்ட வார்த்தைகள்.

அப்பா "இதையெல்லாம் பிள்ளைக்கு எழுதி ஏன் கவலையைக் கொடுக்கிறாய்" என்கிறார். நீ கவலைப்பட வேண்டாம், ஆனால் இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிற நீ இதைப் பாதி மட்டும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. உன் ஆபீசில் யாராவது இந்தியாவிலும் இப்போது நல்ல சட்டம் இருக்கிறது என்று பேசினால், 44(3) பற்றியும் சொல். அங்கே இருக்கிற நம் பிள்ளைகளிடமும் சொல், அவர்களுடைய தாத்தா பாட்டிதான் இங்கே முதியோர் பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேலை உனக்கு. இங்கே ஓய்வுபெற்ற நாங்கள் சில பேர் சேர்ந்து, அந்த உட்பிரிவை எடுத்துவிட்டுப் பழைய 8(1)(ஜே)யைத் திரும்ப வைக்கக் கேட்டு நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு எழுதுகிறோம். வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஐரோப்பியச் சட்டம் பற்றிய பத்தி சரியாக இருக்கிறதா, 86ஆம் பிரிவை நான் தமிழில் எழுதியது பொருள் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். திங்கட்கிழமை கையெழுத்து வாங்கப் போகிறோம், அதற்குள் நகல் எடுக்க வேண்டும்.

அன்புடன்
அம்மா