கொள்ளிடத்தில் டாங்கி நீந்துமா? சேதுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. குறுவை அறுத்து முடித்து, தாளடிக்கு நாற்றும் விட்டாச்சு என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே திருவையாற்றுப் பக்கம் நெல் இன்னும் கொள்முதல் நிலைய வாசலில் ஈரத்தோடு குவிந்து கிடக்கிறது. அந்தக் கதையை ஆரம்பித்தால் நாலு பக்கம் போய்விடும், விடு. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா?

நீ கேட்டதற்கு வருகிறேன். "ஆவடிக்காரர்கள் செய்த ஜொராவர் டாங்கி ஆற்றையும் கடக்குமாமே, கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடி போகும்போது அணைக்கரைக்குக் கீழே இறக்கிவிட்டால் அக்கரை போய்ச் சேருமா?" என்று கேட்டிருக்கிறாய். மிதக்கும். அக்கரை ஓரம் வரைக்கும் போகவும் போகும். கரையேறுமா என்று கேள், அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

மிதப்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆவடியில் உள்ள ராணுவ வண்டி ஆராய்ச்சி நிலையமான சி.வி.ஆர்.டி.இ.யும் எல் அண்ட் டி. கம்பெனியும் சேர்ந்து செய்து 2024 ஜூலையில் குஜராத்தின் ஹஜீராவில் காட்டிய வண்டி அது. எடை 25 டன், எஞ்சின் 760 குதிரைசக்தி. 25 டன் மிதக்க 25 கன மீட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். அதற்கு மேலும் உடலில் காற்று அடைபட்ட இடம் மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சம் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது இல்லாத வண்டியை ஆற்றில் இறக்கக்கூடாது. கடலில் பார்த்து மெச்சிய வண்டி ஆற்றில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும் என்பதையும் சேர்த்துக்கொள். நல்ல தண்ணீருக்கு உப்புத் தண்ணீரை விட அடர்த்தி குறைவு. நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முழம்கூட நிற்காத வண்டிக்கு அதுவும் கணக்குத்தான்.

இனி ஆற்றுக் கணக்கு. ஜொராவரை விட்டுவிட்டு, தண்ணீர் வேகம் ஊரறிந்த வண்டியாக மேடக்கில் செய்யும் சரத்தை எடுத்துக்கொள்வோம். காலாட்படையை ஏற்றிப்போகும் ரஷ்யச் செயின் வண்டி பி.எம்.பி.-2தான் அது. 14 டன் சொச்சம், தண்ணீரில் மணிக்கு 7 கி.மீ. ஆறு 800 மீட்டர் அகலம், சராசரி 4 மீட்டர் ஆழம் என்று வை. 2 லட்சம் கன அடி என்றால் வினாடிக்கு 5,660 கன மீட்டர். அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கி வகுத்தால் ஓட்டம் வினாடிக்கு 1.77 மீட்டர், அதாவது மணிக்கு 6.4 கி.மீ. வண்டியின் முழு வேகமும் ஆற்றின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. மூக்கை நேரே அக்கரைக்கு வைத்து ஓட்டினால் 7 நிமிடத்தில் அங்கே சேரும், ஆனால் இறங்கிய இடத்துக்கு 730 மீட்டர் கீழே. ஓட்டத்தை எதிர்த்து மூக்கைத் திருப்பி, நேர் எதிரே ஏறியே தீருவேன் என்று அடம்பிடித்தால் 17 நிமிடம் ஆகும். அதனால் தெரிந்தவர்கள் முதலில் ஏறும் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அப்புறம் அதற்கு முக்கால் கி.மீ. மேலே போய் இறங்குவார்கள். ஓட்டத்தோடு சாய்ந்து போவதில் அவமானம் ஒன்றுமில்லை, நம் பரிசல்காரர்களும் அப்படித்தான் போவார்கள்.

அந்தப் பத்து நிமிட வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், உள்ளே வரும் தண்ணீருக்கும் அதே கடிகாரம்தான். வண்டியின் அடியில் கழுவுத் தண்ணீர் வடிய திருகு மூடிகள் இருக்கும். 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மூடியைப் போட மறந்தாய், அது நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கிறது என்றால், நிமிடத்துக்கு 300 லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். 7 நிமிடத்தில் 2.2 டன். 14 டன் வண்டிக்கு மிதப்பு மிச்சமே 2.8 டன்தான். பம்ப் ஓடாவிட்டால் 7 நிமிடத்தில் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கரையைத் தொடலாம். 17 நிமிடம் என்றால் ஆற்றடிதான்.

ஆகவே இறங்கும் முன் செய்ய வேண்டியதில் ஒரு வரிசை உண்டு. வடிகால் மூடிகளை ஒருவர் போட, இன்னொருவர் கையால் தொட்டுப் பார்த்து எண்ண வேண்டும். மேல்மூடிகளின் ரப்பர் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கக் கப்பல்காரர்களின் முறையே போதும்: விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தடவி, மூடித் திறந்தால் ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழ வேண்டும். கோடு விட்டுப்போன இடத்தில் தண்ணீர் வரும். பம்பைக் கரையிலேயே ஓட்டி, வாயில் காற்று தள்ளுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். முன்பக்க அலைத்தடுப்புப் பலகையைத் தூக்க வேண்டும். அதைத் தூக்காமல் வேகமெடுத்தால் மூக்கு தண்ணீருக்குள் இறங்கும். சுமையை இடம் வலம் சமமாக வைப்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனால் அதிகம் தவறுவது அதுதான்.

பம்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், 2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் கிளமென்ட்டி தீவருகே அமெரிக்க மரீன் படையின் ஏ.ஏ.வி., அதாவது ஆட்களைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் நீந்தும் வண்டி, ஒன்று மூழ்கியது. உள்ளே 16 பேர், இறந்தது 9 பேர். குண்டு படவில்லை, பயிற்சிதான். மூடிகளின் ரப்பர் தேய்ந்திருந்தது, கியர் பெட்டி எண்ணெய் கசிந்து வண்டி நின்றது, வரும் தண்ணீரைப் பம்புகளால் சமாளிக்க முடியவில்லை, வெளியேறும் வழியைக் காட்ட வேண்டிய அவசர விளக்குகள் எரியவில்லை. கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததும் ஆட்களை வெளியே ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்த உத்தரவு தாமதமானது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பட்டறையில் அரை நாள் வேலை. என்னைக் கேட்டால் புது வண்டி வாங்கும் காசில் ஒரு பங்கை ரப்பருக்கும் விளக்குக்கும் ஒதுக்கு என்பேன். ஆனால் ரப்பர் மாற்றியதற்கு எந்த ஊரிலும் திறப்பு விழா வைப்பதில்லை.

சரி, கரையேறும் இடத்துக்கு வருவோம். முன் செயின் மண்ணைத் தொடுகிறது. அந்த நொடியில் வண்டியின் எடையை இன்னும் தண்ணீர்தான் தாங்குகிறது. செயின் மேல் எடை விழாததால் பிடிப்பு வராது. ஓட்டுநர் பதறி வேகம் கொடுத்தால் செயின் சுழன்று சேற்றைக் கடைந்து தனக்குத் தானே குழி தோண்டும். ஏற ஏற மூக்கு உயரும், பின்பக்கம் தாழும், பின்னால் இருந்து வரும் அலை மேல்தளத்தில் ஏறும். மூடி சரியில்லாத வண்டி அக்கரை ஓரத்திலேயே மூழ்குவது இப்படித்தான். ஓட்டும் முறை என்ன என்றால், தொடுவதற்கு முன்பே கீழ் கியர் போட்டு, வாட்டர் ஜெட் (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் கருவி) உள்ள வண்டியானால் அதை நிறுத்தாமல், செயினும் ஜெட்டும் சேர்ந்து தள்ள, கரைக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். சரிவில் திருப்பக்கூடாது, நிறுத்தவும் கூடாது.

கொள்ளிடத்தில் இதற்கு மேல் இரண்டு வில்லங்கம். மணல் அள்ளிய குழி ஒன்று. வெள்ளத்துக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது. தரை தட்டியது என்று நம்பி ஜெட்டை நிறுத்தினால் அடுத்த அடியில் மறுபடி ஆழம். ஆற்றுக்குள் மணல், கரை மட்டும் களிமண் என்பது இன்னொன்று. காய்ந்தால் கல், நனைந்தால் வெண்ணெய். முதல் வண்டி ஏறும்போது அதிலிருந்து வழியும் தண்ணீரே சரிவை நனைத்துவிடும். மூன்றாவது நான்காவது வண்டிக்கு அது சறுக்கு மரம். ஒரே இடத்தில் வரிசையாக ஏற்றாமல் இடம் மாற்றி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நாணல் கட்டுகளையும் மூங்கில் தட்டிகளையும் பரப்ப வேண்டும். முதலில் ஏறிய வண்டி கரை மேல் நின்று கம்பிவடத்தால் மற்றவற்றை இழுக்கலாம்.

சேற்றுக்குச் செயின்தான் என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பா அறுப்பில் வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாடகை கூட என்றாலும் செயின் வண்டிக்குச் சொல்லுவாயே, காரணம் அதுதான். பழைய ரஷ்ய நீந்தும் டாங்கி பி.டி.-76 தரையில் கொடுத்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. டாடாவும் டி.ஆர்.டி.ஓ.வும் செய்த எட்டுச் சக்கர வ்ஹாப் வண்டி தார் ரோட்டில் பறக்கும், இரட்டை ஜெட்டில் நீந்தவும் செய்யும், ஆனால் நம் நஞ்சைக் கரையில் அதை ஏற்ற நான் பந்தயம் கட்டமாட்டேன். ஜெட்டுக்கு இன்னொரு எமன் ஆகாயத்தாமரை. தண்ணீரை உறிஞ்சும் வலையில் அது அப்பிக்கொண்டால் தள்ளுவிசை போய்விடும். பி.எம்.பி. செயினாலேயே துடுப்புப் போடுகிறது. வேகம் குறைவு, ஆனால் வெண்ணாற்றில் அது ஜெட் வண்டியைவிட நம்பகம்.

பி.டி.-76 என்றதும் 1971 வங்கதேசப் போர் ஞாபகம் வரும் உனக்கு. கரீப்பூரில் அந்த மெல்லிய தகட்டு வண்டிகளே பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை அடித்து நொறுக்கின. ஆனால் மேக்னா ஆற்றில் வேறு கதை. ஆற்றின் அகலத்துக்கு அந்த எஞ்சின் தாங்கவில்லை, நீந்தும்போதே சூடேறியது, உள்ளூர் நாட்டுப் படகுகள் இழுத்து உதவின. "மணிக்கு 10 கி.மீ. நீந்தும்" என்று குறிப்பேட்டில் இருந்தால், எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும்.

கடலில் கணக்கே வேறு. 1944 ஜூன் 6, பிரான்சின் நார்மண்டியில் ஒமாஹா கடற்கரை. துணித் திரை கட்டி மிதக்கவைத்த ஷெர்மன் டாங்கிகள். அமெரிக்காவின் 741ஆம் டாங்கி பட்டாலியன் 29 வண்டிகளைக் கரைக்கு 5 கி.மீ. வெளியே இறக்கியது, 27 மூழ்கின. ஓரடி அலைக்குச் செய்த திரையை ஆறடி அலையில் இறக்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் நவம்பரில், ஜப்பானியர் வசமிருந்த பசிபிக் தீவான தராவாவில் தண்ணீர் வற்றி, படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றபோது எல்.வி.டி. எனும் செயின் பூட்டிய நீந்தும் வண்டிகள் பாறை மேல் ஏறிப் போயின. 125 வண்டிகளில் சுமார் 90 சேதமாயின என்றாலும், அவை இல்லாமல் தரையிறக்கமே நடந்திருக்காது. அந்த எல்.வி.டி.யின் மூலம் போர் வண்டியே அல்ல. ஃப்ளோரிடா சதுப்பில் புயலில் சிக்கியவர்களை மீட்க 1930களில் டொனால்ட் ரோப்ளிங் என்பவர் அலுமினியத்தில் செய்தது. புரூக்ளின் பாலம் கட்டிய வம்சத்து ஆள்.

வேகம் வேகம் என்று போனவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்டிருந்தாய். ஏழு மீட்டர் நீள உடல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்வரை மணிக்கு 12 கி.மீ.தான் எல்லை. தான் எழுப்பிய அலை மேலேயே தான் ஏற வேண்டியிருக்கும். அதைத் தாண்ட, படகு மாதிரி தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்க வேண்டும். ஏ.ஏ.வி.க்கு மாற்றாக அமெரிக்கர்கள் உருவாக்கிய ஈ.எஃப்.வி. அப்படி மணிக்கு 46 கி.மீ. போனது. விலை? தரையில் 850 குதிரைசக்தி போதும் என்ற வண்டிக்குத் தண்ணீரில் 2,700. 2006 சோதனையில் சராசரியாக 4.5 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுது. சுமார் 300 கோடி டாலர் செலவான பிறகு 2011 ஜனவரியில் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி ராபர்ட் கேட்ஸ் அதை மூடினார். அடுத்து வந்த ஏ.சி.வி. பழையபடி மெதுவாகத்தான் போகிறது. சீனர்கள் சறுக்கும் வண்டியை விடாமல் 105 மி.மீ. பீரங்கியோடு படையில் சேர்த்துவிட்டார்கள், அவர்களுக்குக் கடக்க வேண்டியது தைவான் நீரிணை. நமக்கு லடாக் ஏரியும் பஞ்சாப் கால்வாயும்தான். அந்த வேகம் நமக்கு வீண் செலவு என்பது என் கட்சி.

பிற்பாடு கூடுதல் தகடு, கூடுதல் ஏவுகணை என்று எடை ஏற்றுவதுதான் ஜொராவருக்கு வரப்போகும் ஆபத்து. அமெரிக்கக் காலாட்படை வண்டி பிராட்லி அப்படித்தான் நீச்சலை இழந்தது. ஒரு டன் ஏற்றினால் மிதப்பு மிச்சத்தில் ஒரு டன் போச்சு.

வெள்ள மீட்புக்கு நம் ஜில்லாவுக்கு ஒன்று வாங்கிப்போடலாமா என்ற உன் யோசனைக்குப் பதில்: டாங்கி வேண்டாம், ரோப்ளிங் செய்த மாதிரி இலேசான அலுமினியச் செயின் வண்டி போதும். முத்துப்பேட்டைச் சேற்றுக்கும் அதுவே சரி. உடைப்பு எடுத்த இடத்தில் மட்டும் அதையும் இறக்கக்கூடாது, அங்கே ஓட்டம் எந்த வண்டியையும் புரட்டும்.

அடுத்த முறை அணைக்கரைப் பக்கம் போனால் ஒரு வேலை செய். வடகரையில் மாட்டு வண்டி இறங்கும் சரிவு இருக்கிறதல்லவா, அதில் பத்தடி நீளத்துக்கு எத்தனை அடி இறக்கம் என்று கயிறும் மட்டப் பலகையும் வைத்துப் பார்த்து எழுது. மூன்றடிக்குள் இருந்தால் உன் டாங்கியை ஏற்றிக் காட்டுவதற்கு வழி யோசிக்கலாம்.

அன்புடன்,
மாணிக்கம்