1990 ஒக்டோபர் உத்தரவை நிறைவேற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விடுதலைப் புலிகள் அமைப்பின் முன்னாள் போராளிகளே,

இந்த மடல் உங்கள் எல்லோருக்குமானது அல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றும் உத்தரவை நேரில் நின்று நிறைவேற்றியவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அன்று உங்களில் பலருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பீர்கள். போரிலும் தடுப்பு முகாமிலும் தப்பிப் பிழைத்து வந்த எங்களிடம் பழையதை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். வெளியேற்றப்பட்டவர்களுக்கு அது இன்னும் பழையதாகவில்லை.

ஒக்டோபர் 30 காலையில் யாழ்ப்பாணம் சோனகர் தெருப் பகுதியில் ஒலிபெருக்கி அறிவிப்பு வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். ஏதோ கூட்டம் என்று நினைத்துப் போன சனத்துக்கு இரண்டு மணி நேரக் கெடு விதிக்கப்பட்டது. மூட்டை கட்டிக்கொண்டு ஐந்து சந்திக்கு வந்தபோது அங்கே சோதனை. நகை, காசு, காணி உறுதி எல்லாம் பறிபோயின. கையில் விடப்பட்டது 150 ரூபாயும் மாற்றுத் துணியும். சிறுமிகளின் காதுத் தோடுகளையும் விடவில்லை என்று அந்தத் தாய்மார் இன்றும் சொல்கிறார்கள்.

வெளியேறச் சொன்னது தலைமை. அந்தத் தோட்டைக் கழற்றியது உங்களில் ஒருவர்.

அதே நாட்களில் மன்னார் தீவின் முஸ்லிம்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது.

உங்களில் சிலருக்காவது அன்று நெஞ்சு பதறியிருக்கும் என்றே நம்புகிறேன். போகச் சொல்லப்பட்டவர்கள் உங்கள் மொழியையே பேசியவர்கள்; சந்தையில் கடன் கொடுத்தவர்கள், பள்ளியில் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள். உங்கள் அமைப்பிலேயே முஸ்லிம் இளைஞர்கள் சேர்ந்து போராடியிருந்தார்கள். மறுத்தால் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால், ஏன் அன்று மறுக்கவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் மறுத்தால் தண்டிக்க இருந்த அமைப்பு 2009 மே மாதத்தோடு இல்லாமல் போய்விட்டது. அதன் பிறகான மௌனத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழர்களைக் கொன்றார்களே என்பீர்கள். கொன்றார்கள்தான். காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்களும் கொல்லப்பட்டார்கள். இதில் சோனகர் தெருவில் தையல் இயந்திரம் மிதித்துக்கொண்டிருந்தவருக்கு என்ன பங்கு?

2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் உங்கள் அமைப்பின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். அது இயக்கத்தின் சார்பில் சொல்லப்பட்டது. சோதனைச் சாவடியில் நின்றவர் அதற்குள் தன்னையும் சேர்த்துக் கணக்கை முடித்துவிட முடியாது. கைவிடப்பட்ட அந்த வீடுகளின் கதவு, நிலை, ஓடுகளை வாங்கிக்கொண்டுபோன பொதுமக்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்நாட்களில் பிடித்துச் செல்லப்பட்ட முஸ்லிம் வணிகர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. அவர்களை எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள், என்ன ஆனார்கள் என்பது உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். புலனாய்வுத் துறை வாசலுக்கு வந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அது நியாயமான அச்சம். மேடையும் வேண்டாம், கமராவும் வேண்டாம். பெயர் போடாத ஒரு கடிதம் போதும். யாழ்ப்பாணத்துப் பள்ளிவாசல் ஒன்றின் முகவரிக்கு அனுப்புங்கள். இடம், மாதம், தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். உரியவர்களிடம் அவர்கள் சேர்ப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன் ஒருவன்