திருப்படித் திருவிழாவில் பாடத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். டிசம்பர் 31 அன்று, திருத்தணி மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து, படிதோறும் திருப்புகழ் பாடி மேலேறும் திருப்படித் திருவிழாவில், ஆந்திர எல்லைக்குள் நகரியை அடுத்த ஏகாம்பரகுப்பத்திலிருந்து எங்கள் சிறிய குழுவும் இம்முறை முதன்முதலாகக் கலந்துகொண்டு பாடியது. குழுவில் இருப்பவர்கள் தறி ஓட்டுகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், என்னைப் போல ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள், மற்றபடி பள்ளிப் பிள்ளைகள். எங்களில் ஒருவரும் முறையாகச் சங்கீதம் பயின்றவரில்லை. பாட வேண்டும் என்ற ஆசை எங்களுடையதாக இருக்கலாம். அதற்கான நேரம் பிறர் விட்டுக்கொடுத்தது. அப்படி விட்டுக்கொடுத்தவர்களுக்குக் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு. ஐயா, தாங்கள் முதல் சில வாரங்கள் பாட்டின் ஒரு சொல்லைக்கூட எங்களைத் தொடவிடவில்லை. தனதன, தந்தன, தத்தன என்று சந்தத்தை மட்டும் சொல்லவைத்து, அது நாக்கில் படிந்து, கை தானாகத் தாளத்தைத் தட்டத் தொடங்கிய பிறகே சொற்களைக் கொடுத்தீர்கள். அடியின் கடைசியில் வரும் தொங்கலை எங்கே நீட்டுவது, எங்கே சட்டென்று நிறுத்தி அடுத்த அடியை எடுப்பது என்பதைத் தங்கள் தொடையில் விழும் உள்ளங்கையைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். வேலை முடிந்து வந்து பாட நேரமில்லை என்று நாங்கள் சலித்துக்கொண்ட போதெல்லாம், ஏடுகளில் சிதறிக் கிடந்த திருப்புகழைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை மாவட்ட முன்சீபாக உத்தியோகம் பார்த்தவர் என்பதைத் தாங்கள் நினைவூட்டுவீர்கள். அவர் தொகுத்திராவிட்டால் இன்று எங்கள் கையில் பாட்டே இல்லை என்பதால், அவருக்கும் இங்கே தலைவணங்குகிறோம்.

திருத்தணியிலிருந்து அம்பத்தூர் செல்லும் காலை லோக்கல் ரயிலில், மகளிர் பெட்டியில் என்னோடு பயணம் செய்யும் சகோதரிகளுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அரக்கோணம் தாண்டி, திருவாலங்காடு, மணவூர், கடம்பத்தூர் வரை பெட்டியில் ஓரளவு இடம் இருக்கும். திருவள்ளூரில் ஏறும் கூட்டத்துக்குப் பிறகு புத்தகத்தை விரிக்கவே முடியாது. அந்த இடைப்பட்ட நேரம்தான் எனக்குச் சாதகம் செய்யக் கிடைக்கும் நேரம் என்று தெரிந்துகொண்டு, சன்னலோர இருக்கையை எனக்கென்று விட்டுவைத்தீர்கள். வாய்க்குள் முணுமுணுத்தபடி தொடையில் தாளம் போடும் என்னைப் புதிதாக ஏறியவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தபோது நீங்களே அவர்களுக்கு விவரம் சொன்னீர்கள். கூடையை மடியில் வைத்துப் பூத்தொடுத்துக்கொண்டே வரும் அம்மா, ஒருநாள் நான் அடி மறந்து நின்றபோது, நாரிலிருந்து கையை எடுக்காமல் அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். முழுப் பாட்டும் கேள்வி ஞானத்திலேயே அவருக்குப் பாடமாகியிருந்தது. அம்மா, திருவிழா அன்று நீங்கள் கொடுத்தனுப்பிய சாமந்தியைத்தான் நாங்கள் பாடிய படிகளுக்கு வைத்தோம்.

தொழிற்பேட்டையில் என்னோடு தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் தோழிக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை. டிசம்பர் 31 எனக்கு இரண்டாம் ஷிஃப்ட் விழுந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஷிஃப்டை அவருக்காக நான் பார்த்தது உண்மைதான். ஆனால் அவர் எனக்காக ஏற்றுக்கொண்டது, குடும்பத்தோடு புத்தாண்டு ஆராதனைக்குப் புறப்பட வேண்டிய நாளின் ஷிஃப்ட். அதை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆலயத்துக்குப் போனார் என்று பிறகுதான் அறிந்தேன். மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட சூப்பர்வைசருக்கும் நன்றி.

ஞாயிறு மாலைகளில் ஒத்திகைக்காகத் தம் தறிக்கொட்டகையைத் திறந்துவிட்டவருக்கும், அங்கே தறி ஓட்டும் தொழிலாளர்களுக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும். விசைத்தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. பாடுவதென்றால் தறி நின்றாக வேண்டும். தறி நின்றால் அந்த நேரத்துக் கூலியும் நின்றுவிடும். இடம் கொடுத்தவரை எல்லோரும் பாராட்டுகிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கூலி குறைவதைப் பொருட்படுத்தாமல் சுவிட்சை அணைத்துவிட்டு, தாங்களும் ஓரமாக உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிய அண்ணன்மார்களின் பங்கை நான் அதைவிட உயர்வாக எண்ணுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் தெலுங்கு வழியில் படிப்பவர்கள். தமிழ் எழுத்தை அவர்களில் பலருக்கு வாசிக்க வராது. அவர்கள் பள்ளியில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட டீச்சரம்மா இதைக் கேள்விப்பட்டு, தாமே முன்வந்து பாட்டுகளைத் தெலுங்கு எழுத்தில் எழுதித் தந்தார். இது எளிய வேலையில்லை. தமிழில் ஒரே ககரத்தை எழுதிவிட்டு இடத்துக்கேற்ப அழுத்தியோ மெலித்தோ நாம் ஒலித்துவிடுகிறோம். தெலுங்கில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்பதால், ஒவ்வொரு சொல்லையும் பெரியவரைப் பாடச்சொல்லிக் கேட்டு, எந்த எழுத்து என்று முடிவுசெய்து எழுதினார். இன்று வழக்கிலுள்ள தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்து இல்லாததால், ளகரத்தை எழுதி அதன்கீழே சிவப்பு மையில் கோடிட்டார். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்து நாக்கை மடிக்கப் பழகிய பிள்ளைகளின் உச்சரிப்பு, தமிழ் படித்த எங்களுடையதைவிடத் திருத்தமாக இருந்தது என்று பெரியவரே சொன்னார். டீச்சரம்மா, உங்கள் பொறுமைக்கு எங்கள் எல்லோருடைய வணக்கமும்.

ரயில் தாமதமாகி நகரிக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்ட இரவுகளில், திருத்தணி நிலையத்தில் எனக்காகக் காத்திருந்த ஆட்டோக்கார அண்ணனையும் மறக்க மாட்டேன். அவருடைய வண்டிக்குத் தமிழ்நாட்டு அனுமதி மட்டுமே இருப்பதால் பொன்பாடி சோதனைச்சாவடிக்கு அப்பால் வர இயலாது. ஆனாலும் என் தம்பி பைக்கில் வந்து சேரும்வரை, சவாரி வந்தாலும் போகாமல் விளக்கை எரியவிட்டு நின்றிருப்பார். படிகளில் எங்களுக்கு முன்னும் பின்னும் பாடிய குழுவினர், எங்கள் குரல் தளர்ந்த இடங்களில் தங்கள் பாட்டை நிறுத்தி எங்களோடு சேர்ந்துகொண்டனர். அவர்கள் ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அந்த நெரிசலில் வாய்ப்பில்லை. இம்மடல் அவர்கள் கண்ணில் படுமானால், எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு மாலை, அதே தறிக்கொட்டகையில் ஆடிக் கிருத்திகைக்கான பாட்டுகளைத் தொடங்குகிறோம். இரவல் வாங்கிய ஹார்மோனியத்தையும் ஜால்ராக்களையும் அதற்குமுன் உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுவோம். தெலுங்கு எழுத்தில் பாட்டுத்தாள் வேண்டும் பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நகலெடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
திருப்புகழ்க் குழுவினர் சார்பில்,
ஏகாம்பரகுப்பம்.