போயா லீவுக்குப் பிறகு, அப்பா எழுதுவது

அன்பு மகனுக்கு,

நீ வாங்கித் தந்த இந்தப் போனில்தான் எழுதுகிறேன். ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதி மூன்று இரவாகிவிட்டது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அம்மா படுத்த பிறகுதான் எழுத முடிகிறது.

முதலில் ஒன்று. நம் மட்டக்களப்பு ஆற்றில் தோணி ஏறினால் அந்தச் செம்மஞ்சள் ஜாக்கெட்டைப் போட வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு இருக்க அது சோற்றுப் பார்சல் இல்லை. படத்தில் மற்ற நாலு பேரும் போட்டிருக்கிறார்கள், அந்தப் பிள்ளையும் வாரெல்லாம் இறுக்கி ஒழுங்காகப் போட்டிருக்கிறது, நீ ஒருத்தன்தான் மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். உனக்கு நீச்சலும் தெரியாது.

எந்தப் படம் என்று யோசிப்பாய். பெரியப்பாவின் சின்னமகள் போனில் காட்டினாள், உன் சிநேகிதர்களில் யாரோ பேஸ்புக்கில் போட்டதாம். "சித்தப்பா, அண்ணா வந்து நின்றவரா? சொல்லவே இல்லையே" என்று கேட்டாள். ஒபிஸ் அலுவலாக வந்து உடனே திரும்பிவிட்டான் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை பொசன் பௌர்ணமிப் போயா, சனி ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் லீவு, எந்த ஒபிஸ் திறந்திருக்கும்? அவளும் கெட்டிக்காரி, மேலே கேட்காமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவிடம் காட்ட வேண்டாம் என்று மட்டும் வாசல் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் "பிள்ளைக்கு லீவுதானே, ஏன் வரவில்லையாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. இறால் சம்பல் இடித்து ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்து, கொழும்புக்கு யார் போகிறார்கள் என்று தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தா, நீ கல்லடியில் ஹோட்டலில் நிற்கும்போது. நம் வீட்டிலிருந்து கல்லடிக்கு சைக்கிளில் பதினைந்து நிமிஷம். சரி, அதை விடு.

வீட்டில் வேறு பெரிய புதினம் இல்லை. கிணற்று மோட்டர் மறுபடியும் பழுது. முன் மாமரத்தில் இந்த முறை காய் குறைவு, கச்சான் காற்று அடித்து இருந்ததையும் கொட்டிவிட்டது. எனக்குச் சீனி கொஞ்சம் கூடத்தான், கிளினிக்குக்குப் போய் வந்தேன், பயப்பட ஒன்றும் இல்லை. ஜாக்கெட் விஷயத்தை மட்டும் மறக்காதே. இந்த மாதத்தில் ஆறு பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரித்தான் கிடக்கும், அதை நம்பக் கூடாது. முதலையும் இருக்கிறது, கரை ஓரத்தில் சும்மா கிடக்கும் மரக்கட்டை போல.

அடுத்தது கோட்டை. படத்துக்குக் கீழே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை என்று எழுதியிருந்தது. எழுதியது நீயா படத்தைப் போட்டவனா தெரியாது, நீயாக இருக்காது என்றே நினைக்கிறேன். கட்டியவன் போர்த்துக்கேயன், 1628 இல். பத்து வருஷம்தான் வைத்திருந்தான். 1638 மே மாதம் வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி வந்து, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து பிடித்தான். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை நம்முடையதுதான், காலியும் கொழும்பும் அதற்குப் பிறகுதான். அதற்கும் முன்னால் 1602 இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தன் கப்பலோடு வந்து இறங்கி கண்டிக்கு அரசனைப் பார்க்கப் போனதும் இந்த மட்டக்களப்பிலிருந்துதான். மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குக் கோட்டை மாஸ்டர் என்று பட்டம் வைத்தார்கள். நீயும் சின்னதில் அந்தப் பட்டத்தைச் சொல்லிச் சிரித்தவன்தான்.

முப்பத்தொரு வருஷம் அந்த மதிலுக்குள் வேலை செய்திருக்கிறேன். பள்ளிக்கூட லீவில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனால், ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் பீரங்கியில் ஏறிக் குதிரை ஓட்டுவாய். ஒருநாள் பங்குனி வெயிலில் இரும்பு கொதித்துத் தொடை சுட்டு நீ போட்ட சத்தத்தில், மேலதிகாரி கோப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அப்படிப்பட்ட பிள்ளை கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் காசு கொடுத்து ஆள் பிடித்தாயா? உள்ளே போகும்போது வாசலுக்கு மேலே ஒல்லாந்துக் கம்பனியின் முத்திரை இருக்கிறதே, அதைக் காட்டினானா அவன்? இரண்டு பக்கம் ஆறும் மற்ற இரண்டு பக்கம் அகழியும் ஏன் என்று சொன்னானா? துறைமுகம், துறைமுகம் என்கிறார்களே தவிர, பெரிய கப்பல் ஒன்றும் இந்த ஆற்றுக்குள் வந்ததில்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும், கப்பல் வெளியே கடலில் நிற்கும், சின்னப் படகில்தான் சாமான் உள்ளே வரும். உள்ளே வந்துவிட்டால் பிறகு 50 கிலோமீற்றருக்கு மேல் தண்ணீர்ப் பாதை, மேற்குக் கரையான படுவான்கரையின் நெல்லெல்லாம் அந்த வழியாகத்தான் புளியந்தீவுக்கு வந்தது. அந்தப் போக்குவரத்தைக் கையில் வைத்திருக்கத்தான் புளியந்தீவில் கோட்டை. 1928 இல் ரயில் வந்தது, துறைகளின் கதை மெல்ல மெல்ல முடிந்தது. இப்போதும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகு ஓடுகிறது, மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு. கோட்டையைப் பார்க்கிறவர்கள் அதையும் ஒருதரம் ஏறிப் பார்க்க வேண்டும், உன் ஆட்களை யாரும் அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். என்னிடம் சொல்லியிருந்தால் பாலமீன்மடு வெளிச்சவீட்டிலிருந்து தொடங்கியிருப்பேன், 1913 இல் கட்டியது, அதன் பக்கத்தில் நின்றால்தான் ஆறு கடலுக்குள் இறங்குகிற இடம் விளங்கும். பிறகு 1814 இல் வந்து அடுத்த வருஷமே செத்துப்போன அந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை, பிறகு கோட்டை. மத்தியானம் வீட்டில் நண்டுக் கறி. அம்மா விட்டிருப்பாவா?

உங்களிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று நீ கேட்பாய். நியாயம்தான். போன தீபாவளிக்கு நான் சொன்னதை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. "அந்தப் பிள்ளையோடுதான் என்றால் இந்த ஊருக்கே வராதே" என்றேன். அதற்கு அன்றைக்கு நான் சொன்ன காரணங்களை இங்கே எழுத மாட்டேன், எழுத்தில் பார்த்தால் எனக்கே கேவலமாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனி மகன், நான் ஊருக்கு வராதே என்றுதான் சொன்னேன். நீ ஊருக்கு வந்துவிட்டாய், வீட்டுக்குத்தான் வரவில்லை. இது என்ன கணக்கு? உன் சம்பளத்தில் நீ நிற்கிறாய், எனக்கு மருந்தும் அனுப்புகிறாய், வீட்டுக்கடனை முடித்தவனும் நீதான், இந்தத் தெருவில் எந்தப் பிள்ளை செய்திருக்கிறது? இவ்வளவும் செய்கிறவன் பதினைந்து நிமிஷத் தூரத்தில் நின்றுகொண்டு பெற்ற தாயைப் பார்க்காமல் போனால் நான் என்னவென்று எடுப்பது?

இதுவரை எழுதிவிட்டு நேற்றிரவு போனை அணைத்துவிட்டேன். இதில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும் என்று எழுதினேன் அல்லவா. அதற்கு முதலே தெரியும். சனிக்கிழமை பின்னேரம் நான் கல்லடிப் பழைய பாலத்தில் நின்றேன்.

வீச்சுவலைக்காரரிடம் இறால் வாங்கப் போனேன், வழக்கமாகப் போகிறதுதான். 2013 இல் புதுப் பாலம் திறந்த பிறகு பழையதில் ஆறுதலாக நிற்கலாம், 1924 ஆம் ஆண்டு இரும்பு, கையை வைத்தால் துரு ஒட்டும். இறாலைப் பையில் வாங்கி ஹாண்டிலில் மாட்டிவிட்டு நிமிர்ந்தால் நீ. இருபது முப்பது அடி தூரம்தான் இருக்கும். நீலச் சேட், தாடி விட்டிருக்கிறாய், மெலிந்தும் இருக்கிறாய், சாப்பிடுகிறாயா? கையை நீட்டிப் புளியந்தீவுப் பக்கம் அவர்களுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தாய். என்ன சொன்னாய் என்று காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அப்பா அதற்குள்தான் வேலை செய்தவர் என்று சொன்னாயா?

பிறகு அந்தப் பிள்ளையின் செருப்பு வார் கழன்றுவிட்டது. நீ அப்படியே பாலத்தில் குந்தி இருந்து, செருப்பை வாங்கி, வாரின் குமிழை ஓட்டைக்குள் தள்ளப் பார்த்தாய், முடியவில்லை, வாயில் வைத்து நனைத்துவிட்டுத் தள்ளினாய். வாயில்! தெருவில் போட்ட செருப்பு. அது ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, விழாமல் இருக்க உன் தலையில் கை வைத்திருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை, வேலையிலேயே கண்ணாக இருந்தாய். அம்மாவின் தையல் மெசினை நீ எட்டு வயதில் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டும்வரை சாப்பிடாமல் இருந்தாயே, அதே முகம். பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. சொல்லிவிட்டேன்.

கூப்பிட்டிருக்க வேண்டும். மகன் என்று ஒரு சத்தம் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா, சைக்கிளைத் திருப்பிக் கச்சான் கடலை வண்டிலுக்குப் பின்னால் கொண்டு போய் நிறுத்திவிட்டு, தேவையில்லாமல் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றேன். கோபத்தால் இல்லை. கோபம் என்று நீ நினைத்துவிடுவாய் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய சாரம், பட்டன் அறுந்த சேட், இறால் பையிலிருந்து காலில் சொட்டுகிற தண்ணீர். தீபாவளிக்கு அவ்வளவு வாய் பேசிய ஆள் இந்தக் கோலத்தில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்பதா என்று வெட்கம். நீங்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தேன், இறால் பழுதாகிவிட்டது என்று அம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன். ஆகவே நீ வராமல் போனாய் என்று உன்னை நான் ஏசுவதில் நியாயம் இல்லை. கண்டும் போனவன் நான்.

இனி மற்றது. தோணியில் போனது ஆற்றுக்கு அடியிலிருந்து வரும் பாடுமீன் சத்தம் கேட்கத்தான் என்று படத்தில் எழுதியிருந்தது, போயா நிலவில். நீ பத்து வயதில் எத்தனை தரம் கேட்டிருப்பாய், "அப்பா, கூட்டிக்கொண்டு போங்கள்" என்று. அந்தச் சண்டைக் காலத்தில் இரவில் ஆற்றில் தோணி இறக்க முடியாது, அது உண்மை. ஆனால் எல்லாம் முடிந்த பிறகும் நான் கூட்டிக்கொண்டு போகவில்லையே. உன்னைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை, சுனாமிக்குப் பிறகு எனக்கு இருந்த பயத்தை உனக்குச் சட்டமாக்கிவிட்டேன், நீச்சல் தெரியாததும் அதனால்தான். அதற்குப் பதிலாகக் கதை சொன்னேன். அப்பப்பாவோடு மண்டூரிலிருந்து தோணியில் வரும்போது, நடு ஆற்றில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன், வீணைக் கம்பியை நனைத்துத் தட்டினது மாதிரி இருந்தது என்று.

நான் கேட்டதே இல்லை மகன். அப்பப்பா கேட்டிருக்கிறார், வீணைக் கம்பி என்பது அவர் சொன்னது. நான் காதை வைத்தபோது தண்ணீர் தோணியில் அடிக்கிற சத்தம்தான் வந்தது, கேட்கிறதா என்று அவர் ஆசையோடு பார்த்தார், ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அதையே உனக்கும், கச்சேரியில் எல்லோருக்கும், கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரிகளுக்கும் சொல்லி, சொல்லிச் சொல்லி எனக்கே கேட்ட மாதிரி ஆகிவிட்டது. யேசு சபைப் பாதிரியார் லாங் ஒரு காலத்தில் கருவியை இறக்கி ஒலிப்பதிவு செய்திருக்கிறார், ஆகவே சத்தம் இருப்பது உண்மைதான், மீனா, ஊரி என்கிற நத்தையா என்பதுதான் வாதம். இந்த ஆற்றங்கரையில் இத்தனை வருஷம் இருந்தும் கேட்காதவன் நான்தான்.

அடுத்த போயாவுக்கு வருவாயா வரமாட்டாயா என்று நான் கேட்கவில்லை. வந்தால் ஹோட்டலிலேயே நில், உன் வசதி. அந்தப் பிள்ளை நண்டு சாப்பிடுமா, உறைப்பு எவ்வளவு என்பது மட்டும் அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அதை நீயே அவவுக்குப் போன் எடுத்துச் சொல், நான் சொன்னதாக வேண்டாம். ஜாக்கெட்டைப் போடு.

நீ துடுப்பைக் காதில் வைத்துக் கேட்டாயா, அல்லது அவர்கள் வேறு ஏதும் குழாய் தருகிறார்களா? உண்மையிலேயே கேட்டதா? எப்படி இருந்தது என்று எழுது. அந்தப் பிள்ளைக்கும் கேட்டதா என்பதையும் சேர்த்து எழுது. அம்மா எழும்பி விளக்கைப் போடுகிறா, நிறுத்துகிறேன்.

அப்பா