‘புஒத்தன்’ என்றால் ‘அன்பானவர்’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மொழிப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ் மொழிகளைப் பற்றி வந்த கட்டுரையில், செபுவானோ மொழியின் ‘புஒத்தன்’ என்ற சொல்லுக்கு ‘அன்பானவர்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. பக்கத்திலேயே ‘கைண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தது. ஆக, அந்தச் சொல் செபுவிலிருந்து நேராகத் தமிழுக்கு வரவில்லை; ஆங்கிலத்தில் இறங்கி, வண்டி மாறி வந்திருக்கிறது. மாறிய இடத்தில் பாதிச் சாமான் தொலைந்துவிட்டது. தவறு என்று சொல்ல முடியாத, ஆனால் நம்பிப் பயன்படுத்தவும் முடியாத பொருள் அது.

செபு, பொஹோல் தீவுகள், கிழக்கு நெக்ரோஸ், லெய்த்தேயின் மேற்குப் பகுதி, மின்டனாவோவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் இந்த மொழி பேசப்படுகிறது. பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ‘பிஸாயா’ என்றே சொல்வார்கள். ‘புஒத்தன்’ தனிச்சொல் அல்ல; ‘புஒத்’ என்ற வேரில் ‘அன்’ விகுதி சேர்ந்தது. ‘குஸொக்’ என்றால் வலிமை, அதை உடையவர் ‘குஸ்கன்’. அதே முறையில், புஒத் உடையவர் புஒத்தன். அப்படியானால் ‘புஒத்’ என்ன என்று தெரியாமல் ‘புஒத்தன்’ என்ன என்று சொல்ல முடியாது. கட்டுரையில் வேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பொருளுக்குப் போகும் முன் உச்சரிப்பு. முதல் எழுத்து ‘பயம்’ என்பதில் வருகிற ப. அடுத்து வரும் உகரமும் ஒகரமும் ஒட்டக்கூடாது. நமக்கு இரண்டு உயிர் பக்கத்தில் வந்தால் உடம்படுமெய் போடாமல் நாக்கு நிற்காது; ‘புவொத்து’ என்று சொல்லிவிடுவோம். செபுவானோவில் அங்கே வகரம் இல்லை. உகரத்தைச் சொல்லி, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்தால் ஒகரம் வரும். இருமல் கிளம்பும்போது தொண்டையில் விழுகிறதே, அந்த அடைப்புதான். அது அந்த மொழியில் ஒரு மெய்யெழுத்துக்குச் சமம். கடைசியில் வருவது ‘பத்து’ என்பதில் வருகிற வல்லின த். அதற்குப் பின் குற்றியலுகரம் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

நம் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. செபுவானோவில் கணவனுக்கும் அம்புக்கும் உள்ள சொற்கள் ரோமன் எழுத்தில் எழுதும்போது முதல் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பனா’. படிக்கிறவர் கணவனை நாணேற்ற வேண்டியதுதான். செபுவானோச் சொல்லைத் தமிழில் அச்சிடும்போது எந்தப் ‘ப’ என்று ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும்.

இனி ‘புஒத்’. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் கிடையாது. விருப்பம், சித்தம், நினைவு, விவரம், நற்குணம் ஆகியவற்றுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் ஐந்தாறு சொற்களை இடத்துக்கு ஒன்றாகப் போட வேண்டியிருக்கும். தமிழில் அவ்வளவு சிரமம் இல்லை என்பது என் கருத்து. ‘உள்ளம்’, ‘புத்தி’ என்ற இரண்டு சொற்களையும் அவற்றின் கிளைகளோடு சேர்த்து வைத்தால் ஏறக்குறைய முழுப் பரப்பும் அடங்கிவிடும்.

கடவுளின் விருப்பத்தைப் பாருங்கள். கத்தோலிக்கர் சொல்லும் செபுவானோ மன்றாட்டில் ‘மத்துமன் அங் இமொங் பக்புஒத்’ என்று ஒரு வரி வருகிறது. ‘உமது சித்தம் நிறைவேறுவதாக’ என்பது பொருள். ஆங்கிலத்தில் அங்கே ‘வில்’. தமிழ்க் கத்தோலிக்கர் ‘திருவுளம்’ என்கிறார்கள். உள்ளத்தைச் சொல்லும் சொல்லே விருப்பத்தையும் சொல்கிறது. புஒத் செய்வதும் அதுதான். ‘வில்’ வழியாக வந்தால் இந்த ஒற்றுமை கண்ணில் படாது. அதைவிட ஆபத்து, நம்மிடம் அந்த ஆங்கிலச் சொல் ஏற்கெனவே ‘உயில்’ ஆகிக் குடியேறிவிட்டது. ‘கபுபுத்-ஒன்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலப் பட்டியலில் ‘வில்’ என்று இருப்பதைப் பார்த்து உயில் என்று எழுதிவிட்டால் கதை வேறாகிவிடும். சொத்து எழுதிவைக்கும் பத்திரத்துக்கு அங்கே ஸ்பானியத்திலிருந்து வந்த ‘தெஸ்தமெந்த்தோ’ இருக்கிறது. ‘கபுபுத்-ஒன்’ என்பது மன விருப்பம். ‘என் சொந்த கபுபுத்-ஒன்’ என்றால், யாரும் வற்புறுத்தாமல் நானாகச் செய்தது.

சாதாரண ஆசைக்கு, அதாவது ‘எனக்குப் போக வேண்டும்’ என்பதற்கு, புஒத் இன்று கொஞ்சம் ஏட்டு வழக்கு. பேச்சில் ‘குஸ்தோ’தான், அதுவும் ஸ்பானியம் தந்தது. கடையில் நின்று ‘புஒத்’ என்று ஆரம்பித்தால் பிரசங்கம் மாதிரி இருக்கும். ஆனால் ‘புஒத் இப்பஸாபொத்’ என்ற தொடர் மட்டும் உயிரோடு இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘புரியவைக்க விரும்புவது’, பயன்பாட்டில் ‘அர்த்தம்’. ‘இது என்ன சொல்ல வருகிறது?’ என்று நாம் கேட்பதில்லையா, அதே வளைவு.

அடுத்தது நினைவு. மயக்கம் போட்டவரை ‘நவத்-அன் ஸா பனிமுஒத்’ என்பார்கள், நினைவை இழந்தார் என்று. இதில் பகரம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் உண்டு. முன்னொட்டின் மூக்கொலி பகரத்தைத் தின்று மகரமாக்கிவிடுகிறது. வீடு ‘பலாய்’, குடும்பம் ‘பனிமலாய்’, பதில் ‘பலொஸ்’, பழிவாங்கல் ‘பனிமலொஸ்’, புஒத், பனிமுஒத். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மறக்காது.

பிறகு விவரம் தெரிதல். ‘வலாய் புஒத்’ என்றால் புஒத் இல்லாதது. கைக்குழந்தையைச் சொன்னால் ‘விவரம் தெரியாத பிள்ளை’. வளர்ந்தவரைச் சொன்னால் ‘புத்தி கெட்டவர்’. முதலாவதில் குறை சொல்லும் தொனியே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘சென்ஸ்லெஸ்’ என்று பெயர்த்தால் குழந்தையைத் திட்டியதாகிவிடும். இங்கே எதிர்மறையையும் கவனிக்க வேண்டும். செபுவானோவில் ‘வலா’ நம் ‘இல்லை’ போல, ‘டிலி’ நம் ‘அல்ல’ போல. ‘வலாய் புஒத்’ என்பது புத்தி இல்லாமை. ‘டிலி புஒத்’ என்பது விருப்பப்படாமை. இரண்டுக்கும் இடையே ஆங்கிலம் தடுமாறும். அல்ல, இல்லை என்ற பேதம் தெரிந்தவர் தடுமாற வேண்டியதில்லை.

‘புஒத்தன்’ இங்கிருந்துதான் கிளம்புகிறது. விவரம் உடையவர், ஆகவே நடத்தை அறிந்தவர், ஆகவே நல்லவர். தமிழில் இதே பாதையில் நடந்த சொல் ஒன்று இருக்கிறது: சமத்து. ‘சமர்த்து’ என்றால் திறமை, கெட்டிக்காரத்தனம். ஆனால் ‘சமத்துப் பிள்ளை’ என்றால் படுத்தாத, சொன்னதைக் கேட்கிற பிள்ளை. செபுவில் ஒரு தாய் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போகும்போது ‘பக்புஒத்தன்’ என்றோ ‘பக்பினுஒத்தன்’ என்றோ சொல்வாள். தமிழில் ‘சமத்தா இரு’. ‘அன்பாக இரு’ என்று பெயர்த்தால், பிள்ளை யாரிடம் அன்பு காட்டுவது என்று விழிக்கும். ‘கைண்ட்’ போட்டதன் கோளாறு இந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

எந்தப் பொருள் பொருந்துகிறது என்று சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைத் தேடுவது நல்ல வழி. பிள்ளையைப் பற்றிய பேச்சில் புஒத்தனுக்கு எதிரில் நிற்பது ‘பட்லொங்ஙொன்’, அதாவது சொன்ன பேச்சு கேளாத வாலு. அது இரக்கமில்லாதது அல்ல. பெரியவரைச் சொல்லும்போது எதிரில் கெட்டவர், முரடர் என்ற வகைச் சொற்கள் வரும்; அங்கே ‘நல்ல மனுஷன்’, ‘தங்கமானவர்’ பொருந்தும். ‘அன்பானவர்’ அந்த இடத்தில்கூட மூன்றாவது தெரிவுதான்.

இன்னொரு கிளை அதிகாரம். ‘இக்காவ் அங் மக்புஒத்’ என்றால் ‘நீதான் முடிவு செய்ய வேண்டும்’, நம் பேச்சில் ‘உன் இஷ்டம்’. அதையே இரட்டித்து ‘புஒத்-புஒத்’ என்றால், அதிகாரம் இல்லாமலே முடிவெடுப்பது. இரட்டித்தால் ‘அது மாதிரி நடிப்பது’ என்ற பொருள் செபுவானோவில் அடிக்கடி வரும். ‘பலாய்-பலாய்’ என்பது பிள்ளைகள் விளையாடும் சொப்பு வீடு. புஒத்-புஒத் செய்யாதே என்பதற்கு ஆங்கிலத்தில் அரை வாக்கியம் வேண்டும். தமிழில் ‘நாட்டாமை பண்ணாதே’ போதும்.

‘உத்தங் கபுபுத்-ஒன்’ என்ற தொடரையும் விடக்கூடாது. ‘உத்தங்’ கடன். காசாகத் திருப்பித் தந்து தீர்க்க முடியாத கடன். நன்றிக்கடன் என்றால் முடிந்தது. பிலிப்பைன்ஸின் இன்னொரு பெரிய மொழியான தகலோகில் இதே கருத்துக்கு ‘லொஒப்’ என்ற சொல் வருகிறது. அதன் நேர்ப்பொருள் ‘உள்’. உள்ளிலிருந்து உள்ளம் பிறந்தது போலத்தான். ஆனால் தகலோகில் ‘நல்லவர்’ என்பதற்கு வேர் வேறு, ‘பஇத்’. செபுவானோவில் ஒரு புஒத் செய்யும் வேலையைத் தகலோகில் இரண்டு வேர்கள் பகிர்ந்துகொள்கின்றன. பிக்கோல் மொழியிலோ இதே வேர் ‘பொஒத்’ என்ற வடிவில் இன்னும் ஓர் அடி போய் ‘பக்கமொஒத்’, அதாவது காதல், என்று ஆகிவிட்டது. செபுவானோவில் காதலுக்கு ‘குக்மா’ தனியாக இருக்கிறது. ஆகவே தகலோகுப் பட்டியலையோ பிக்கோல் பட்டியலையோ வைத்துச் செபுவானோவுக்குப் பொருள் எழுதக்கூடாது.

அகராதி பார்க்கும் முறை பற்றியும் இரண்டு வார்த்தை. ‘கபுபுத்-ஒன்’ என்பதைக் ககரத்தில் தேடினால் பல அகராதிகளில் கிடைக்காது. முன்னால் உள்ள ‘க’வை நீக்கவேண்டும், இரட்டித்த ‘பு’வை நீக்கவேண்டும், கடைசி ‘ஒன்’னை நீக்கவேண்டும். மிச்சம் ‘புத்-’. விகுதி சேரும்போது வேரின் ஒகரம் விழுந்து, தொண்டையடைப்பும் தகரமும் இடம் மாறிக்கொண்டன. நடுவில் இருக்கும் சிறு கோடு அந்த அடைப்பின் அடையாளம். ஒகரத்தைத் திருப்பிப் போட்டால் புஒத். அத்தோடு தீரவில்லை. ஜான் உல்ஃப் 1972இல் வெளியிட்ட செபுவானோ அகராதி அ, இ, உ என்ற மூன்று உயிர்களை மட்டும் வைத்து எழுதப்பட்டது. அதில் ஒகரமே இல்லாததால் ‘புஉத்’ என்றுதான் தேட வேண்டும். சொல் இல்லை என்று மூடிவைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மூடுகிறார்கள்.

உருவில் நெருங்கிய இரண்டைக் குழப்பிக்கொள்வதும் சகஜம். ‘கபுஒத்தன்’ நற்குணம், ‘கபுபுத்-ஒன்’ விருப்பம். முன்னது புஒத்தனிலிருந்து வந்தது, பின்னது நேராக வேரிலிருந்து வந்தது.

திருத்தம் வெளியிடுவதானால் இப்படிப் போடலாம்: ‘புஒத்தன்: பிள்ளைகளைச் சொன்னால் சமத்து; பெரியவர்களைச் சொன்னால் நல்ல குணமும் விவேகமும் உள்ளவர். வேர் புஒத்: உள்ளம், சித்தம், நினைவு, புத்தி’. கூடவே ‘கபுபுத்-ஒன்’ சேர்ப்பதாக இருந்தால், பக்கம் அமைப்பவரிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். அந்தக் கோடு வரி உடைந்ததால் விழுந்தது அல்ல, எழுத்துக்குச் சமமானது. மெய்ப்பில் அடித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்